வெள்ளரிக்காயை வெட்டாதேங்கோ, அடியுங்கோ

எங்கட ஊர்களில் 'சைனீஸ்' எண்டு சொன்னால் எல்லாருக்கும் ஒரே மேசைதான் ஞாபகம் வரும். பிரைட் றைஸ், சொப்சி, சில்லி சிக்கன், கொஞ்சம் வசதியான இடமெண்டால் ஹொட் பட்டர் கட்டில்பிஷ். இதில் கடைசியாகச் சொன்னது இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த சாப்பாடு. சீனாவில் போய்க் கேட்டால் தெரியாது என்பார்கள். அதனால் அது ருசியில்லை எண்டு ஆகாது. ஆனால் எங்களுக்குத் தெரிந்த முதலாவது சீனா இந்த ஹோட்டல் மேசைதான்.

இரண்டாவது சீனா செய்திகளில் வரும். 2017இல் 99 வருடக் குத்தகைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகம், காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி எழும்பும் துறைமுக நகரம், கடன், வடக்கில் கடலட்டைப் பண்ணைகள். மூன்றாவது சீனா 2020இல் எங்கட முகநூல் பக்கங்களை நிரப்பியது. வௌவால், பாம்பு, 'கண்டதையும் தின்னுறவங்கள்' எண்டு பகிடிகள். படித்த ஆக்களும் பகிர்ந்தார்கள். ஒரு நோயைச் சாட்டாக வைத்து, நூற்று நாற்பது கோடி மக்களை அவர்களின் சாப்பாட்டுத் தட்டை வைத்தே அருவருக்கலாம் எண்டு நாங்கள் நினைத்தோம்.

இந்த மூன்று சீனாவிலும் இல்லாத ஒரு ஆள் இருக்கிறார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, வெக்கைக்கு அடுப்புப் பக்கம் போக மனமில்லாமல், இரண்டு வெள்ளரிக்காயை எடுத்துப் பலகையில் வைத்துக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் 'டப்' எண்டு அடிக்கிற ஆள். இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியும் அவர் செய்கிற சாப்பாட்டைப் பற்றியும். அதை நீங்கள் வீட்டில் ஒருக்காச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் எண்டு சொல்கிறேன்.

அடிதான் சமையல்

அந்தச் சாப்பாட்டின் பெயர் 'பை ஹுவாங் குவா'. 'பை' எண்டால் அடிப்பது, தட்டுவது. 'ஹுவாங் குவா' எண்டால் வெள்ளரிக்காய். பெயரிலேயே செய்முறை இருக்கு. சீனாவில் சாப்பாட்டின் தொடக்கத்தில் மேசைக்கு வரும் குளிர்ந்த சிறு கறிகளை 'லியாங் சாய்' என்பார்கள். அந்த வரிசையில் மிகச் சாதாரணமானது இது. பெய்ஜிங்கின் மலிவான சாப்பாட்டுக் கடையிலும் இருக்கும், சிச்சுவானில் உறைப்பான எண்ணெய் விட்டும் இருக்கும், வீட்டிலும் இருக்கும். இதைச் சாப்பிடவெண்டு ஒருத்தரும் கடைக்குப் போவதில்லை. ஆனால் இது இல்லாமல் கோடைகாலச் சாப்பாடு நிறைவதுமில்லை.

ஏன் அடிக்க வேணும்? கத்தியால் வட்ட வட்டமாக வெட்டினால் வெள்ளரித் துண்டின் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அதில் புளியும் உப்பும் ஒட்டாது, வழிந்து பாத்திரத்தின் அடிக்குப் போய்விடும். அடித்தால் காய் தன்னுடைய போக்கில் வெடிக்கும். வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே விதை மூன்று பிரிவாக இருப்பது தெரியும். அடிக்கும்போது அந்தப் பொருத்துகள் வழியாகத்தான் அது நீளவாக்கில் பிளக்கும். பிளந்த முகம் கரடுமுரடாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தப் பள்ளங்களில்தான் சோயா சோஸும் உள்ளியும் போய்க் குந்தும். ஒரே காய், ஒரே சேர்மானம், ஆனால் வெட்டினதுக்கும் அடித்ததுக்கும் ருசியில் உள்ள வித்தியாசம் ஒரு வாயிலேயே தெரியும்.

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன். நடுத்தரமான வெள்ளரிக்காய் இரண்டு, ஏறக்குறைய 400 கிராம். சீனாவில் பாவிக்கும் காய் மெல்லியது, நீளமானது, தோல் மெல்லிசு, விதை குறைவு. எங்கட சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் தடித்த தோலும் நிறைய விதையும் உள்ளது. ஆகவே பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கோ. தோல் தடிப்பெண்டால் வரி வரியாகக் கொஞ்சம் சீவிவிடுங்கோ. முற்றின காய்தான் கிடைத்தது எண்டால் அடித்த பிறகு விதையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். நல்லாக் கழுவி, இரண்டு நுனியையும் வெட்டி எறியுங்கோ.

பெரிய கத்தி இருந்தால் அதைத் தட்டையாகக் காயின் மேல் வைத்து, கூர்ப் பக்கம் உங்களை விட்டு விலகி இருக்க, உள்ளங்கையால் அடியுங்கோ. கத்திக்குப் பயமெண்டால் அம்மிக் குழவி போதும், சப்பாத்திக்கட்டை போதும், கனமான போத்தல் ஒன்றும் போதும். சட்னி ஆக்கத் தேவையில்லை. தோல் வெடித்து காய் மூன்று நாலாகப் பிளந்தால் காணும். பிறகு சரிவாக இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கோ. அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு சிட்டிகை சீனியும் போட்டுப் பிரட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கோ. உப்பு காயிலுள்ள தண்ணியை வெளியே இழுக்கும். அந்தத் தண்ணியை ஊற்றிவிடுங்கோ. இந்த வேலையை விட்டால் பிறகு மேசையில் தண்ணிக் கறிதான் இருக்கும்.

காய் உப்பில் கிடக்கிற நேரத்தில் சேர்மானம். உள்ளி மூன்று நாலு பல்லை நசுக்கிப் பொடியாகக் கொத்தி, ஐந்து நிமிடமாவது சும்மா விடுங்கோ. உள்ளியின் காரமும் மணமும் அது நசுங்கிய பிறகுதான் பிறக்கிறது. முழுப் பல்லில் அது இல்லை. சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, வினாகிரி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, எள்ளெண்ணெய் ஒரு தேக்கரண்டி. உறைப்பு வேணுமெண்டால் செத்தல் மிளகாய்த் துண்டில் சூடான எண்ணெய் விட்டு ஆற வைத்ததை ஒரு கரண்டி. எல்லாவற்றையும் கலந்து, சாப்பிடப் போகும் நேரத்தில் மட்டும் காயோடு பிரட்டுங்கோ. மேலே கொத்தமல்லி இலை, இடித்த வறுத்த கச்சான். அவ்வளவுதான். காலையில் செய்து இரவுக்கு வைக்கிற சாப்பாடு இல்லை இது. செய்தவுடன் சாப்பிட வேணும்.

'அசல்' எண்ட பேய்

இங்கேதான் பெரும்பாலான ஆக்கள் நின்றுவிடுவார்கள். "சீனாக் கறுப்பு வினாகிரி எங்க கிடைக்கும்? வறுத்த எள்ளெண்ணெய் கொழும்பில பெரிய கடைகளிலதானே, அதுவும் விலை. அசலாச் செய்ய ஏலாதெண்டால் ஏன் செய்வான்?"

இந்த 'அசல்' எண்ட பேய்க்கு நான் பயப்படுவதில்லை. காரணம் இந்தச் சாப்பாட்டின் பெயர்ப் பட்டியலிலேயே இருக்கு. வெள்ளரிக்காயின் பழைய சீனப் பெயர் 'ஹூ குவா'. எள்ளின் பழைய பெயர் 'ஹூ மா'. உள்ளிக்கு 'ஹூ சுவான்'. கொத்தமல்லிக்கு 'ஹூ சுய்'. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற 'ஹூ' எண்டால் மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த அந்நியர். அதாவது இந்தத் தட்டில் இருக்கிற நாலு சாமானும் ஒரு காலத்தில் சீனருக்குப் பிறத்தியான் சாமான். வெள்ளரிக்காயின் பிறப்பிடம் இமயமலை அடிவாரம். எள் பயிரானதும் எங்கட துணைக்கண்டத்தில்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் போனது. 'ஹூ குவா' எப்படி 'ஹுவாங் குவா' ஆனது எண்டதற்கு, 'ஹூ' எண்ட சொல்லே பிடிக்காத ஒரு அரசர் பெயரை மாற்ற வைத்தார் எண்டு ஒரு கதை சீனாவில் வழங்குகிறது. யப்பானில் இன்றும் வெள்ளரிக்காயை அந்தப் பழைய 'ஹூ குவா' எழுத்துகளால் எழுதுவதுண்டு.

நாங்களும் இதைத்தானே செய்தோம்? சீனி, சீனச்சட்டி, சீனவெடி. வந்த சாமானுக்கு வந்த இடத்தின் பெயரை ஒட்டி, பிறகு அது எங்கட சாமான் ஆகிவிட்டது. சீனவெடி இல்லாத தைப்பொங்கலை யாழ்ப்பாணத்தில் நினைத்துப் பாருங்கோ. அதைக் கொளுத்துகிற சின்னப்பிள்ளை ஒருத்தரும் சீனாவை நினைப்பதில்லை.

ஆகவே என் கணக்கு இதுதான்: சாமான் பயணம் செய்யும், அதை மாற்றலாம். செய்கை பயணம் செய்யாது, அதைக் கற்றுக்கொள்ள வேணும். கறுப்பு வினாகிரி இல்லையெண்டால் தென்னை வினாகிரியில் கொஞ்சம் கூடச் சீனி போட்டுச் செய்யலாம். அசெற்றிக் அமிலத்தைத் தண்ணியில் கரைத்து விற்கிற செயற்கை வினாகிரியை மட்டும் தவிருங்கோ, அது மூக்கில் ஏறும், வேறொன்றும் தராது. சீன எள்ளெண்ணெய் எள்ளை நல்லா வறுத்துப் பிழிந்தது, கறுத்து மணக்கும். எங்கட நல்லெண்ணெய் அப்படி இல்லை. அதற்கு வழி, ஒரு கரண்டி எள்ளை வாசம் வரும்வரை வறுத்து உரலில் இடித்து நல்லெண்ணெயோடு சேர்ப்பது. எள்ளுருண்டை பிடிக்கத் தெரிந்த எந்த வீட்டுக்கும் இது புது வேலை இல்லை. ஆனால் வெள்ளரிக்காயை அடிக்காமல் வெட்டிவிட்டு, 'நானும் செய்தேன்' எண்டு சொல்லாதேங்கோ. தேசிக்காய்ப் புளி விட்டுப் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டால் அது எங்கட சம்பல். நல்ல சம்பல்தான். ஆனால் வேறு சாப்பாடு.

2024 கோடையில் ரிக்ரொக்கில் வெள்ளரிக்காய் சலாட் ஒரு அலையாக அடித்தது. ஒரு முழு வெள்ளரிக்காயைச் சீவி, பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டுக் குலுக்கும் காணொளிகள். ஐஸ்லாந்தில் வெள்ளரிக்காய்க்குத் தட்டுப்பாடு எண்டு உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதுகிற அளவுக்குப் போனது. சீனாவிலும் காட்சிக்கு அழகான ஒரு வெட்டு இருக்கு. 'சுவோ யீ' எண்டு பெயர், பழைய காலத்து ஓலை மழையங்கி எண்டு அர்த்தம். காய் அறுந்து போகாமல் இரண்டு பக்கமும் நுண்ணிய வெட்டுப் போட்டால் ஹார்மோனியப் பெட்டித் துருத்தி மாதிரி விரியும். பார்க்க நல்லா இருக்கும், படத்துக்கு நல்லா இருக்கும். நான் அதை வேண்டாமெண்டு சொல்லவில்லை. ஆனால் அடித்த வெள்ளரிக்காய் படத்தில் அழகாக வராது. அது சாப்பிடுகிறவருக்காகச் செய்யப்படுவது, பார்க்கிறவருக்காக இல்லை. எங்கட தலைமுறைக்கு அந்த வித்தியாசம் கொஞ்சம் மறந்துகொண்டு வருது.

ஒரு தட்டு வெள்ளரிக்காய்க்கு 5000 யுவான்

இனி இந்தச் சாப்பாட்டின் இன்னொரு பக்கம். 2022இல் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஹபெய் நகரில் சில சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு 5000 யுவான் தண்டம் விதிக்கப்பட்ட செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. செய்த குற்றம், வெள்ளரிக்காய்க் குளிர்கறி விற்றது. அவர்களிடம் சாப்பாட்டுக்கடை நடத்த அனுமதி இருந்தது. ஆனால் 'குளிர் உணவு' செய்ய விதிகள் தனி அனுமதி கேட்டன, அதைத் தயாரிக்கத் தனி இடமும் கேட்டன. நாலு மேசை போட்ட கடையில் வெள்ளரிக்காய்க்குத் தனி அறை எங்கே கட்டுவது?

விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சூடாக்காத சாப்பாட்டில் கிருமியைக் கொல்ல நெருப்பு இல்லை. இறைச்சி வெட்டின பலகையிலேயே காயையும் அடித்தால் வயிற்றுக்குக் கேடு. நீங்கள் வீட்டில் செய்யும்போதும் பலகையும் கையும் சுத்தமா எண்டு பாருங்கோ. ஆனால் ஒரு தட்டு வெள்ளரிக்காயில் வரும் இலாபத்துக்கும் அந்தத் தண்டத்துக்கும் இடையில் எந்த நியாயமும் இல்லை எண்டு சீன மக்களே கேட்டார்கள். பத்திரிகைகள் எழுதின, இணையத்தில் வாதாடினார்கள். 2023இல் வந்த புது விதிமுறை, அந்த வருடம் டிசம்பர் 1 முதல், கழுவுதல் வெட்டுதல் கலத்தல் மாதிரியான ஆபத்துக் குறைந்த எளிய தயாரிப்புகளுக்கு அனுமதி நடைமுறையை இலகுவாக்கியது.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கட பேச்சில் 'சீனா' எண்டால் ஒரே ஒரு உருவம். கடன் தருவதும் அது, துறைமுகம் எடுப்பதும் அது, கடலட்டை வளர்ப்பதும் அது. அந்த உருவத்துக்குள் தன்னுடைய அரசாங்கத்தின் தண்டத்துக்குப் பயந்து வெள்ளரிக்காயை விலைப்பட்டியலில் இருந்து அழிக்கிற கடைக்காரரும் இருக்கிறார் எண்டது எங்களுக்குத் தெரிவதில்லை. எங்கட ஊரில் சாப்பாட்டு வண்டில் தள்ளுகிறவருக்கும் அவருக்கும் பேச நிறைய இருக்கு.

வெள்ளரிக்காய் அரசியலை மாற்றுமா?

மாற்றாது. அதைப் பற்றிப் பொய் சொல்ல நான் வரவில்லை. கௌதாரிமுனையில் 2021இல் கடலட்டைப் பண்ணை பற்றி மீனவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமான கேள்விகள். யாருடைய கடல், யார் அனுமதி கொடுத்தது, கரைவலை இழுக்கிறவருக்கு என்ன நடக்கும் எண்ட கேள்விகளுக்கு இந்த சலாட்டில் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற நேரத்தில் 'அட்டையைத் தின்னுற சனம்' எண்டு பகிடி சேர்ந்தால் கேள்வி பலவீனமாகிறது. அந்த அட்டை காலங்காலமாக எங்கட கடலில் முக்குளித்து எடுக்கப்பட்டு, காய வைத்து, சீனச் சமையலுக்காகவே ஏற்றுமதியானது. அந்தச் சமையல் இருந்தபடியால்தான் எங்கட பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது.

அரசையும் சனத்தையும் பிரித்துப் பார்க்கிற பழக்கம் எங்களுக்குத்தான் அதிகம் தேவை. எங்களையும் வெளியே ஒரே உருவமாகப் பார்த்த காலம் இருந்தது, இன்னும் இருக்கு. கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கு. 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் எண்டு மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயிலில் இருந்த தேனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, அதோடு வாசனை எண்ணெய். சீனப் பகுதியில் அந்த எண்ணெய்க்கு எழுதியிருக்கும் சொல் 'சியாங் யோ'. அது எந்த எண்ணெயாகவும் இருந்திருக்கலாம். ஆனால் வட சீனக் குசினிகளில் இன்று அதே சொல்லால்தான் எள்ளெண்ணெயைக் கூப்பிடுகிறார்கள். அதே செங் ஹ 1411இல் படையோடு நின்று, கோட்டையின் ஆட்சியாளரான அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். காணிக்கையும் படையும் ஒரே கப்பலில் வந்தன. அரசுகள் அப்படித்தான். எண்ணெய் மட்டும் குசினியில் தங்கிவிடும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேணும். 2022இல் காஸ் சிலிண்டருக்காக விடியப்புறம் வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். நெருப்பில்லாமல் ஒரு நல்ல கறி செய்யத் தெரிந்திருப்பது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. அதைவிட, 'எனக்குச் சமைக்கத் தெரியாது' எண்டு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற பெடியளுக்கு இதைவிட இலேசான தொடக்கம் கிடையாது. அடுப்பு இல்லை, தாளிதம் இல்லை, பதம் பார்க்கத் தேவையில்லை. இருபத்தைந்து நிமிடம், அதில் பதினைந்து நிமிடம் சும்மா இருப்பது. அம்மாவைக் கூப்பிட்டு உப்புக் கேட்காமல் செய்யுங்கோ. செய்து முடித்துப் பலகையையும் நீங்களே கழுவுங்கோ. கழுவுவதும் சமையலில் சேர்த்தி.

"எங்கட சம்பல் இருக்க ஏன் இது?" எண்டு வீட்டில் கேட்பார்கள். சம்பல் எங்கேயும் போகாது. சோறும் பருப்பும் வைத்த மேசையில் இதற்கும் ஒரு ஓரம் கிடைக்கும், பொரித்த மீனோடு நல்லாவே சேரும். ஒரு சனத்தின் துறைமுக ஒப்பந்தத்தை நாங்கள் பத்து வருடமாக வாசிக்கிறோம். அவர்கள் வெக்கைக்கு என்ன சாப்பிடுகிறார்கள் எண்டதையும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால், கோபப்பட வேண்டிய இடத்தில் சரியான ஆளிடம் கோபப்பட ஏலும்.